எழுதாமல் விட்ட ஒரு வரி

மெயில் சர்வர் அமைத்தவள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2005 வாக்கில் நாகர்கோவிலில் நிலைமை வேறு. கோட்டாறில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தின் மாடியில் நான் அந்த வேலையைச் செய்தபோது பக்கத்துக் கடைக்காரர்கள் படியேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு எதிர்த்த அரிசிக் கடைக்காரர், "இதில படம் ஒண்ணும் வராதா?" என்று கேட்டார். நான் அவர் பக்கம் முகத்தைத் திருப்பாமல் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எழுத வரவும் மாட்டேன் என்கிறது.

எங்கள் முதலாளி கணவாய் மீனும் இறாலும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். சும்மா கிடைக்கிற மெயில் முகவரியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கம்பெனிகளோடு பேசுவது அவருக்கு மானக்கேடாக இருந்தது. முகவரியில் தன் கம்பெனி பெயர் வர வேண்டும், சர்வர் தன் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அதுவரை கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நான், செய்து தருகிறேன் என்று துணிந்து சொல்லி வேலையில் சேர்ந்தேன்.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மெயில் சர்வர் என்பது ஒரு பெட்டி. உள்ளே பல சேவைகள் ஓடுகின்றன. வெளியே இருந்து வரும் மெயிலை வாசலில் நின்று வாங்குவது ஒன்று. வாங்கி வைத்ததை அவரவருக்கு எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. இந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்வது மூன்றாவது. எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், யாரை விரட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன வேலை உண்டு. கரண்டு போய்த் திரும்பி வரும்போது எந்தெந்தச் சேவைகள் தாமாகவே எழும்ப வேண்டும் என்று ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு சேவைக்கு ஒரு வரி. அரை நிமிடம் ஆகாது.

நான் இரண்டு வரிகளை எழுதினேன். மெயிலை வாங்கும் சேவைக்கான வரியை எழுதவில்லை.

முதலில் அது மறதிதான். முதல் முறை கரண்டு போய் வந்தபோது மெயில் வரவில்லை, எல்லாரும் என்னைத் தேடினார்கள். நான் வந்து ஒரு கட்டளை அடித்தேன், மெயில்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன. "நீ இல்லைன்னா ஒரு சோலியும் நடக்காது போலிருக்கே" என்றார் முதலாளி. அதற்கு முந்தின வாரம்தான் அவர், "இனி இது தானா ஓடும்லா? அப்பம் ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்டாரா, மெய்யாகக் கேட்டாரா என்று தெரியாமல் நான் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அப்போது எனக்கு மும்முரமாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். வேலை என்கிற ஒரே சாக்கில்தான் ஒவ்வொருவனாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் மறுநாளே ஒருத்தன் வாசலில் வந்து நிற்பான். அதனால் அந்த வரியை எழுதாமலே விட்டுவிட்டேன். இனி மறதி என்று சொல்ல முடியாது.

எங்கள் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். முதல் இடி முழங்கியதும் ஊர் முழுக்க ஒரே காரியத்தைச் செய்யும்: டிவி வயர், போன் வயர், மிக்சி, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு வாட்ச்மேன் அண்ணாச்சியுடையது. ஒரு தடவை மின்னல் இறங்கிப் பேக்ஸ் மிஷின் கருகியதில் இருந்து முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி இடிச்சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி, யாரும் தொடாதபடி மடியிலேயே வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் அவரே சொருகுவார். சர்வரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மாடி ஏறி வந்து பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். பச்சை விளக்கு எரியும். மெயில் மட்டும் வராது. பத்து மணிக்கு நான் வந்து எழுப்புவேன். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் தட்டச்சு செய்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். முட்டத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என்னை விட ஆறு வயது மூத்தவள். என் தலைக்கனத்தைப் பொருட்படுத்தாமல் என்னோடு பழகிய ஒரே ஆள். அவள் மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தார். அவர் கப்பல் ஏறும்போது அக்காவுக்கு நாலு மாதம். பெண் குழந்தை பிறந்தது, தவழ்ந்தது. அவர் பார்க்கவில்லை. தபாலில் அனுப்பிய போட்டோ எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறதோ, அவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

கப்பலில் இருந்து வாரம் ஒரு முறை, வெறும் எழுத்து மட்டும், மெயில் அனுப்பலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. வீட்டு முகவரி ஒன்றைப் பதிந்து கொடுக்க வேண்டும். அக்கா பிரவுசிங் சென்டரில் முகவரி தொடங்கப் போவதாகச் சொன்னாள்.

"பயலுவளுக்கு நடுவுல இருந்து மாப்பிள்ளைக்க கடிதத்தப் படிக்கப் போறியளா?" என்றேன். "நம்ம சர்வர்லயே நான் உண்டாக்கித் தாரேன் அக்கா. வந்த ஒடனே பிரிண்ட் எடுத்து ஒங்க கையில தருவேன்."

அப்படியே கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருப்பார். அக்கா தாளை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ்ஸில் போகும்போது படிப்பாள். அச்சடிக்கும்போது நானும் படித்துவிடுவேன். பாதிக்குப் பாதி குழந்தையைப் பற்றித்தான் இருக்கும். அவள் யார் சாயல், காது குத்தியாயிற்றா, கடல் சத்தத்துக்குப் பயப்படுகிறாளா. ஒரு மெயிலில், "என்னைப் பார்த்தால் அழுவாளா?" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரே வரி என்பதால் அக்கா அதை வாங்கும்போதே படித்துவிட்டாள், அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வருடம் கோட்டாறு தேவாலயத் திருவிழாவின் கடைசி நாள் திங்கட்கிழமை வந்தது. மாவட்டத்துக்கே விடுமுறை. முதலாளி சனிக்கிழமையும் சேர்த்து லீவு விட்டார். பேச்சிப்பாறைப் பக்கம் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறும்போது மேற்கே இடி முழங்கியது. அண்ணாச்சி இந்நேரம் கட்டையைப் பிடுங்கியிருப்பார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை போய் எழுப்பிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஒரு சர்வர் வாங்காவிட்டால் அனுப்புகிற சர்வர் நாலைந்து நாளாவது திரும்பத் திரும்ப வந்து தட்டிப் பார்க்கும், எதுவும் தொலையாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இதையெல்லாம் நினைத்தது, ஜன்னல் ஓரத்து இருக்கை, முன்னால் இருந்தவளின் பிச்சிப்பூ வாசம் வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்து எழுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் நாலு நாள் மெயிலும் வந்து சேர்ந்தது. ஒன்றும் தொலையவில்லை பார் என்று உள்ளுக்குள் சந்தோஷம். அக்கா திருவிழாக் கடையில் வாங்கிய பேரீச்சம்பழமும் பொரியும் கொண்டுவந்திருந்தாள். லீவு நாட்களில் குழந்தையோடு கோட்டாறில் சித்தி வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை அண்ணாச்சியிடம் சாவி வாங்கி, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி மெயிலைத் திறந்து பார்த்தாளாம், ஒன்றும் வந்திருக்கவில்லை. திங்கட்கிழமை தேருக்குப் பின்னால் தெருவில் விழுந்து விழுந்து கும்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சுகமாக வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று நேர்ச்சை. இரண்டு முழங்காலும் சிராய்த்திருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

வியாழக்கிழமை அவர் மெயில் வந்தது. அச்சடிக்கும்போதே படித்துவிட்டேன். அதன் வாசகம் கிட்டத்தட்ட இப்படித்தான்:

"வெள்ளிக்கிழமயே ஒனக்கு எழுதுனேன். கப்பல் கொச்சிக்கு வெளியே ஒரு நாள் நிக்கும், எங்கள எறங்க விட மாட்டாவ, வீட்டு ஆளுவ படகுல வந்து பாக்கலாம், திங்கக்கிழம காலைல ஏழு மணிக்குப் பிள்ளையக் கொண்டு வா, ரெண்டு மணிக்கூரு கிடைக்கும்னு. படகு மூணு தடவ வந்துது. மூணு தடவயும் ஏணிப்பக்கம் வந்து நின்னேன். மத்தவனுக்க பிள்ளையளத் தூக்கி ஏத்தி விட்டேன். ஏஜென்டுக்க போன்ல வீட்டுக்கு அடிச்சேன், எடுக்கல்ல. மெயிலு திரும்பி வந்துட்டுன்னு பொறவுதான் சொன்னாவ. சாரமில்ல, போட்டும். சித்திரைல வந்துருவேன். அவளுக்குப் பல்லு மொளச்சுட்டா?"

வீட்டில் யாரும் இல்லை. வீட்டு போன் வயரையும் வெள்ளிக்கிழமை இடிக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் திருவிழாவுக்கு வந்திருந்தாள் அக்கா. கப்பல் கம்பெனியின் சர்வர் நான் நினைத்த மாதிரி நாலைந்து நாள் தட்டவில்லை. ஒரே நாள் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. அப்படியும் அமைத்து வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம்தான் அது.

தாளை அக்கா கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை.

"ஏன் மக்கா திரும்பிப் போச்சு?"

சொல்லியிருக்கலாம். கோபப்படுவாள், திட்டுவாள், கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாள். அவ்வளவுதானே. அந்த நேரத்தில் அண்ணாச்சி டீத் தம்ளர்களோடு படியேறி வந்துகொண்டிருந்தார். என் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"வெள்ளிக்கிழம இடி இடிச்சுதுல்லா அக்கா. அண்ணாச்சி ப்யூஸப் பிடுங்கிட்டாரு. அதுல சர்வர் விழுந்துட்டு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"மொதலாளி சொல்லித்தான பிள்ளே பிடுங்குனேன். காலைல வந்து போட்டுட்டேனே. பச்ச லைட்டு எரிஞ்சுதே, நான் பாத்தேனே."

"பச்ச லைட்டு எரிஞ்சாப் போதுமா?" என்றேன் நான்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அந்தத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஒத்து வரவில்லை, மறுபடி விரித்து மடித்தாள். அண்ணாச்சி டீயை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு யாரும் அந்த டீயைக் குடிக்கவில்லை.

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நான் அந்த வரியை எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை இடி இடித்தது, கரண்டு போனது, வந்தது. மெயில் ஒரு நாளும் நிற்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை, என்னைத் தேடவும் இல்லை.

சித்திரைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தகவல் வந்தது. இயந்திர அறையில் விபத்து என்றார்கள். அதற்கு மேல் விவரம் கேட்க அக்காவுக்குத் தெம்பில்லை. மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முட்டத்தில் கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். குழந்தைக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது. யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தபடி பெட்டி மேல் இருந்த பூவை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பெட்டியைத்தான் அது பார்த்தது, அப்பாவைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது, என் மேல்தான். இரண்டு மணிக்கூர், இரண்டு மணிக்கூர் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியும் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, எல்லாம் முடியும்வரை நின்றார்.

அக்கா இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அண்ணாச்சி அவள் வருகிற நேரத்தில் மோட்டார் அறைப் பக்கம் போய்விடுவார். டீயை வேறு யாரிடமாவது கொடுத்து விடுவார். அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரையும் நான் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுஷன் தலை நிமிர்வார் என்று ஒவ்வொரு நாளும் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

அடுத்த ஐப்பசியில் முதல் இடி முழங்கியபோது அண்ணாச்சி மாடிக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"பிடுங்கட்டா பிள்ளே? பிடுங்கினா யாருக்காவது மெயிலு போயிருமா?"

"பிடுங்குங்க அண்ணாச்சி. இப்பம் ஒண்ணும் ஆவாது."

இப்போது ஆகாது என்றால் அப்போது மட்டும் ஏன் ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்து நின்றேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. என் வாயில் இருந்து வருவதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டு நின்றுகொண்டார். கண் தெரியவில்லை என்று காரணம் சொன்னதாக முதலாளி சொன்னார்.

2011 வாக்கில் கம்பெனி மெயிலை வெளியே ஒரு பெரிய சேவைக்கு மாற்றினார்கள். என் சர்வர் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்கடைக்குப் போனது. எனக்கும் அங்கே சோலி இல்லாமல் ஆனது. நான் அத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொரு இடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது, அதுவும் அப்படியொன்றும் மோசமில்லை. இதற்காகவா என்று நினைக்கும்போதுதான் சோறு இறங்காது.

அக்கா அதற்கு முன்பே வேலையை விட்டு ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முட்டத்துக்குப் போனேன். வீடு மாறவில்லை, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில் அதே ஓட்டு வீடு. அக்கா முன்படியில் உட்கார்ந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏட்டி, வழி தெரிஞ்சுதா ஒனக்கு?" என்று சிரித்தாள். மகள் அடுத்த வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

நான் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குடித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மூன்று சேவை, மூன்று வரி, இரண்டை எழுதியது, ஒன்றை விட்டது, ஏன் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அந்த விஷயத்தில் கஷ்டமான பகுதி எதுவும் இல்லை.

அக்கா மீனை ஆய்வதை நிறுத்தவில்லை.

"வேணும்னா விட்ட?"

"ஆமாக்கா."

"அண்ணாச்சி பிடுங்கினதுல இல்ல?"

"இல்லக்கா. அந்த வரி இருந்திருந்தா அவரு நூறு தடவ பிடுங்கினாலும் மெயிலு வந்திருக்கும்."

அவள் இன்னும் இரண்டு மூன்று மீனை ஆய்ந்து சட்டியில் போட்டாள். மகள் ஒருமுறை ஓடி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்னை யார் என்று பார்த்துவிட்டு ஓடினாள். அவள் அப்பா முகத்தை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

"அண்ணாச்சி போன வருசம் செத்துப் போனாரு, தெரியுமா?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியாது.

"சாவதுக்கு ஒரு மாசம் முந்தி இங்க வந்தாரு. கண்ணு செரியாத் தெரியாது, மகனுக்க கையப் பிடிச்சுட்டு வந்தாரு. இப்பம் நீ இருக்கியே, அந்தப் படியிலதான் இருந்தாரு. எனக்க அப்பன் வயசுள்ள மனுசன், எனக்க காலப் பிடிச்சு அழுதாரு மக்கா. நான் பிடுங்கியிருக்கக் கூடாது, ஒனக்க வீட்டு வெளக்க நான்தான் அணைச்சேன்னு அழுதாரு. அவர மன்னிக்க எனக்கு அத்தன வருசம் ஆச்சு. அன்னைக்குத்தான் மன்னிச்சேன்னு சொன்னேன். சும்மா வாயால மட்டும் இல்ல, மனசாரச் சொன்னேன்."

சட்டியில் தண்ணீர் ஊற்றி மீனை அலசினாள். கையைக் கழுவினாள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை.

"அத அவரு வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒனக்குத் தர எனக்க கையில இப்பம் ஒண்ணும் இல்ல, மக்கா."

அஞ்சு மணிக்கு நாகர்கோவிலுக்கு ஒரு பஸ் உண்டு என்றும் அவளே சொன்னாள். நான் எழுந்துகொண்டேன்.